கொண்டை வரைந்த கை

ஜனவரி 19, திங்கள்

இன்று பள்ளிக்கு ஒரு கை வந்து இறங்கியது. ஆள் இல்லை, கை மட்டும். தோள், முழங்கை, மணிக்கட்டு எல்லாம் உண்டு. ஆரஞ்சு நிறம், என்னைவிட உயரம். எங்கோ ஒரு கார் கம்பெனியில் கதவுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த ரோபோவாம். பழசாகிவிட்டது என்று அங்கே கழித்துக்கட்ட, எங்கள் கரஸ்பாண்டன்ட் அத்தியப்பன் ஐயாவின் மருமகன் நவநீதன் அதை வாங்கிவந்துவிட்டார். நாமக்கல்லில் இப்படி ஒரு பள்ளி உண்டா என்று காலைப் பிரார்த்தனையில் மைக்கைப் பிடித்துக் கேட்டார். பிள்ளைகள் இல்லை என்று கத்தினார்கள்.

அதை நிறுத்த ஓர் அறை வேண்டும். கணக்கு வகுப்பையா காலி செய்வார்கள்? என் டிராயிங் ரூமைத்தான். என் பீரோவை மாடிப்படிக்குக் கீழே, போர் மோட்டாருக்குப் பக்கத்தில் தள்ளிவிட்டார்கள். மோட்டார் ஓடினால் பீரோ கதவு தானாகத் திறந்துகொள்கிறது.

ஐயா என்னைக் கூப்பிட்டு, "துளசிமணி டீச்சரம்மா, நீங்கதானுங் அதுக்குப் படம் வரையச் சொல்லிக் குடுக்கோணும். பெரிய பொறுப்புங்" என்றார். சரிங்க என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அந்தத் தலையில் நானே ஒரு குட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

வரும் வழியில் கேஸ் சிலிண்டர் புக் செய்தேன்.

ஜனவரி 21, புதன்

கையோடு கூடவே ஓர் ஆளும் வந்திருக்கிறார். ஜெபசிங், நாசரேத் பக்கம். ஐம்பது வயதிருக்கும். ஆண்டு விழா முடியும்வரை இங்கேயே தங்கி மிஷினைப் பார்த்துக்கொள்வார். பேச்சை அளந்துதான் விடுகிறார்.

கம்ப்யூட்டரில் ஏதோ தட்டுவார்கள், நான் வேடிக்கை பார்க்கலாம் என்று நினைத்துப் போனேன். அப்படி இல்லை. அதன் மணிக்கட்டில் ஒரு கைப்பிடி இருக்கிறது. விரல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தடித்த மார்க்கர். கைப்பிடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு நான் போர்டில் வரைய வேண்டும். அப்புறம் பட்டனை அழுத்தினால், நான் போட்ட அதே கோட்டை அதே வேகத்தில் அது தானாகப் போடும்.

"ஒரு தடவ பிடிச்சு நடத்திட்டா போதும் டீச்சர். நீங்க போன வழியிலேயே அது போவும். மறக்காது பாத்துக்கிடுங்க."

ஒரு மாம்பழம் வரைந்தேன். எனக்கு ஒரு பழக்கம் உண்டு. கோட்டை முடிக்கும் இடத்தில் ஓர் அழுத்து அழுத்தித்தான் கையை எடுப்பேன். ஒரு சின்னப் புள்ளி விழும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அதற்கு 'டொக்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நான் கோட்டை முடித்தால் வகுப்பே ஒன்றாக 'டொக்' என்னும். இன்று மிஷினும் மாம்பழக் காம்பை முடித்துவிட்டு டொக்கென்று ஓர் அழுத்து அழுத்தியது. எனக்குப் புல்லரித்துவிட்டது. பிடிக்கவில்லை என்றே எழுதிவைக்கிறேன்.

காலையில் வேலை தொடங்கும் முன் ஜெபசிங் அதைச் சும்மா காற்றில் ஒருமுறை ஓடவிடுகிறார். பழைய வேலை, கார் கதவு. மேலிருந்து கீழே நிதானமாக இறங்கி, முடிவில் மணிக்கட்டை வெளிப்பக்கம் லேசாகச் சுண்டுகிறது. எதற்கு இது என்றேன். "சூடு ஏறணும்லா" என்றார். அப்புறம் டீ குடித்துவிட்டு கிளாஸில் மிச்சமிருந்ததை வாசலில் அவர் வீசியபோதும் கை அதேபோல்தான் சுண்டியது. மிஷினோடேயே கிடந்தால் அதன் பழக்கம் மனிதனுக்குத் தொற்றிக்கொள்ளும் போலிருக்கிறது.

ஜனவரி 22, வியாழன்

ஆபீஸ் அம்சவேணி, "அக்கா, உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்று ஆரம்பித்தாள். அவள் அப்படி ஆரம்பித்தால் ஒன்றுவிடாமல் சொல்லிவிடுவாள்.

ஜூனிலிருந்து எனக்கு வேலை இல்லை. எல்லாப் படத்தையும் மிஷினுக்குள் ஏற்றியாகிவிட்டால் டிராயிங்குக்கு ஒரு டீச்சர் எதற்கு என்று மருமகன் கேட்டாராம். ஐயாவும், அதுவும் சரிதான் என்றாராம். ஆண்டு விழா வரை எனக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் சரியாகச் சொல்லிக்கொடுக்க மாட்டேன் என்று பயமாம்.

நேரே டிராயிங் ரூமுக்குப் போய் ஜெபசிங்கிடம் கேட்டேன்: "அந்தக் கார் கதவுக்கு இதுக்கு யார் சொல்லிக் குடுத்தது?"

"ஒரு பெயின்டர்."

"அவர் இப்போ எங்கே?"

"வேண்டாம்னுட்டாவ. அதான் கைய எடுத்தாச்சுல்லா" என்று சொல்லிவிட்டு ஸ்பேனரைத் துடைக்கத் தொடங்கினார்.

என் கை இங்கே இருந்து சம்பாதிக்கும், நான் வீட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்க வேண்டுமா? சும்மா போகிற ஆள் இல்லை நான். இவர்களைப் பழி வாங்காமல் விட மாட்டேன். மறந்துவிடக் கூடாது என்றுதான் இன்றைய தேதி போட்டு எழுதுகிறேன்.

ஜனவரி 26, திங்கள்

கொடியேற்றம். ரோபோவை சல்யூட் அடிக்க வைக்கச் சொன்னார் நவநீதன். நெற்றியே இல்லாதது எதைத் தொட்டு சல்யூட் அடிக்கும் என்று ஜெபசிங் கேட்டார்.

ஜனவரி 30, வெள்ளி

முதல் பழி இன்று.

மூன்றாம் வகுப்புக்கு யானை. யானையை எப்போதும் தலையில் தொடங்க வேண்டும். தலையின் அளவைப் பார்த்துத்தான் உடம்பைத் தாளுக்குள் அடக்க முடியும். நான் வாலில் தொடங்கினேன். வாலையும் பின்பக்கத்தையும் பெரிதாகப் போட்டேன். போர்டு அகலமானது, அதனால் அங்கே முழு யானையும் நிற்கும். பிள்ளைகளின் தாளில் கழுத்தோடு இடம் தீர்ந்துவிடும். திங்கட்கிழமை முப்பது முண்டங்கள் வீட்டுக்குப் போகும். ரோபோ எந்த லட்சணத்தில் சொல்லித் தருகிறது என்று பெற்றோர் வந்து கேட்பார்கள்.

மிஷின் ஒரு கேள்வி கேட்காமல் கற்றுக்கொண்டது. கடைசியில் டொக்.

வீட்டில் அவர், "என்ன, இன்னைக்கு சாப்பாடெல்லாம் பலமா இருக்குது?" என்றார். காரணம் சொல்லவில்லை. அவருக்குத் தார்ப்பாய்க் கடைக் கவலையே போதும்.

பிப்ரவரி 3, செவ்வாய்

நேற்று எழுதப் பிடிக்கவில்லை.

மிஷின் யானை போட்டது. பிள்ளைகள் அதைப் பார்த்துப் போட்டார்கள். நான் நினைத்தபடியே கழுத்தோடு எல்லாத் தாளும் தீர்ந்தது. யாராவது அழுவார்கள் என்று காத்திருந்தேன். மிருதுளா என்று ஒரு பெண், வருகைப் பதிவுக்குக் கூட வாய் திறக்காது. அது கையைத் தூக்கி, "டீச்சர், என்னோட யானைக்குத் தலை பக்கத்துத் தாள்லதானுங் இருக்குது" என்றது. சொல்லிவிட்டு, பக்கத்துப் பையன் தாளை இழுத்துத் தன் தாளோடு ஒட்டவைத்து, அவன் யானையின் வாலுக்கு மேலே தன் யானையின் தலையைப் போட்டது. அவன் எட்டி அடுத்தவன் தாளை இழுத்தான். அவ்வளவுதான், பெஞ்சு பெஞ்சாக யானை கிளம்பிவிட்டது. கடைசிப் பிள்ளைக்குப் பக்கத்தில் தாள் இல்லை. தும்பிக்கை சுவர் ஏறியது.

சத்தம் கேட்டு நவநீதன் வந்தார். நான் சிரித்துக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன். அவரைப் பார்த்ததும் நிறுத்திவிட்டேன். அவர் போட்டோவாக எடுத்துத் தள்ளினார். இன்று எல்லாருடைய போனிலும் அதுதான்: 'ரோபோ டீச்சர் கற்பிக்கும் கூட்டு ஓவியம்'. பெற்றோர் வந்தார்கள், ரோபோவைப் பார்த்துக் கும்பிடாத குறை.

நான் வைத்த கண்ணிக்கு அதற்குப் பாராட்டு. எரிகிறது எனக்கு.

மிருதுளாவின் தாளை வீட்டுக்கு எடுத்துவந்தேன். வீட்டு பீரோவில் விரிக்க ஒரு தாள் வேண்டியிருந்தது.

பிப்ரவரி 10, செவ்வாய்

சாமி கண்ணைத் திறந்துவிட்டது.

ஆண்டு விழாவும் ஐயாவின் அறுபதாம் வயதும் ஒன்றாகக் கொண்டாடுகிறார்கள். மேடையில் எல்லார் முன்னாலும் ரோபோ ஐயாவின் முகத்தை வரைய வேண்டும். அதற்கு அந்த முகத்தை நான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

ஐயா கோழிப்பண்ணையில் தொடங்கியவர். அதில் கேவலம் ஒன்றும் இல்லை. எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு அதுதான் சோறு. ஆனால் பள்ளி வைத்த நாளிலிருந்து 'கோழிக்காரர்' என்று யாராவது சொல்லிவிட்டால் அவருக்கு முகம் கறுத்துவிடும். ஹாஸ்டல் போர்டில் 'முட்டை' என்று எழுதக் கூடாது, 'புரோட்டீன்' என்று எழுத வேண்டும். சேவல் படம் போட்ட முதல் வகுப்புப் புத்தகத்தையே மாற்றச் சொன்னவர் அவர்.

முகத்தை அச்சு அசலாக வரைவேன். எல்லாரும் கைதட்டி முடிக்கட்டும். அதற்கப்புறம் மண்டைக்கு மேலே ஒரு சேவல் கொண்டை. தாடைக்குக் கீழே இரண்டு தொங்கு தாடி. முடிந்தது கதை.

பிப்ரவரி 12, வியாழன்

கறிக்கடையில் நின்று சேவலின் கொண்டையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். "இதையே எடுத்துரட்டுங்களா?" என்றார் கடைக்காரர். வேண்டாம், மூஞ்சி மட்டும் போதும் என்றேன். ஒருமாதிரி பார்த்தார்.

பிப்ரவரி 17, செவ்வாய்

இன்று முகத்தை ஏற்றினேன்.

ஐயா எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அவருக்கு இடது புருவம் கொஞ்சம் மேலே. கீழுதட்டில் ஒரு பிடிவாதம். மனிதரைப் பிடிக்காவிட்டாலும் கோடு ஓடும்போது கை அதெல்லாம் பார்ப்பதில்லை. இவ்வளவு நன்றாக நான் எந்த முகத்தையும் போட்டதில்லை. ஐயா எழுந்துவந்து பார்த்துவிட்டு, "அட, என்னையாட்டமே இருக்குதுங்களே! கெட்டிக்கார மிஷினுங்" என்றார். கைப்பிடியை அப்போதும் நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அவர் போன பிறகு கொண்டையை ஏற்றினேன். ஜெபசிங் கண்ணாடியைக் கழற்றி முதுகைக் காட்டியபடி துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்கு ஒன்றும் தெரியாது, நல்லவேளை என்று நினைத்துக்கொண்டேன்.

முடித்ததும் திரும்பாமலேயே சொன்னார்: "கடைசிக் கோட்டுல கை நடுங்கிட்டு டீச்சர். அது நடுக்கத்தையும் சேத்துப் போட்டுரும். இன்னொரு தடவ பிடிச்சிருங்க."

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேயிருந்தார். இன்னொரு தடவை பிடித்தேன். இந்த முறை கை நடுங்கவில்லை.

பிப்ரவரி 19, வியாழன்

ஒத்திகை. முகம் முடிந்ததும் ஜெபசிங் மிஷினை நிறுத்திவிட்டார். "ஒத்திகைக்கு இது போதும்லா, மார்க்கர் தீந்துரும்" என்றார். நவநீதன் தலையாட்டினார்.

பிப்ரவரி 21, சனி

இன்று விழா. பச்சைப் பட்டுச் சேலையை எடுத்துவைத்திருக்கிறேன். தண்ணீர் லாரி வரவில்லை. மனம் திருப்தியாக இருக்கிறது.

பிப்ரவரி 22, ஞாயிறு

நேற்று நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

மேடையில் பெரிய வெள்ளை போர்டு, பக்கத்தில் மிஷின், சுற்றிலும் கம்பி வேலி, வேலிக்குப் பக்கத்தில் சுவிட்சோடு ஜெபசிங். முன் வரிசையில் ஐயாவும் அவர் வீட்டம்மாவும். நடுவில் ஒரு ரிட்டையர்டு அதிகாரி, தலைமை விருந்தினர். தரையில் பிள்ளைகள். நான் கடைசி வரிசையில் சத்துணவு அண்டா மாதிரி ஒதுக்குப்புறமாக உட்கார்ந்திருந்தேன்.

ஐயாவின் முகம் ஒவ்வொரு கோடாக வந்தது. புருவம் வந்தபோது அவர் வீட்டம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உதடு வந்தபோது எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நவநீதன் மைக்கில், "மனிதக் கை படாமல் வரையப்பட்ட ஓவியம்!" என்றார். என் கை மடியில்தான் இருந்தது. அதை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டேன்.

அப்போது மிஷின் மறுபடி எழுந்தது.

கொண்டை ஒவ்வொரு முனையாக ஏறியது. பிறகு கீழே வந்து தாடை. டொக், டொக். பந்தலில் பின்னாலிருந்து எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் 'கொக்கரக்கோ' என்றான். அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. பெற்றோர்கூட வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். நவநீதன், "ஆஃப் பண்ணுங்க, ஆஃப் பண்ணுங்க!" என்று கத்தினார். ஜெபசிங் சுவிட்சைக் கையில் வைத்துக்கொண்டே சுவிட்சைத் தேடினார்.

ஒரு மாதமாக நான் ஆசைப்பட்ட நிமிடம் அது. ஐயா பின்பக்கம் திரும்பியபோது அவர் முகம் கறுத்திருந்ததைக் கண்ணாரப் பார்த்தேன். அது போதுமே என்று நினைத்தேன்.

நவநீதன் மைக்கைப் பிடித்தார். "சின்ன தொழில்நுட்பக் கோளாறு, மன்னிக்கணும்." தலைமை விருந்தினர், "மெஷினுக்கு மூளையா இருக்கு? விடுங்க" என்று சிரித்தார். ஐயாவும் சமாளித்து எழுந்து, "பழைய மிஷினுங், தானா ஏதோ கிறுக்கிப்போட்டுது. நம்ம டீச்சரம்மா பாவம், அவங்க மேல ஒரு தப்பும் இல்லீங்" என்றார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

பாவமாம்! அந்த ஒரு சொல்லில் எனக்கு உச்சந்தலை கொதித்துவிட்டது. முகத்தை நான் போட்டேன், பேர் மிஷினுக்கு. பழியையாவது நான் வாங்கினேன் என்று பார்த்தால், அதுவும் மிஷின் கணக்கிலா? வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பித்துவிடுவேன். ஜூன் வரை சம்பளமும் வரும். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் எழுந்தேன்.

"மிஷின் பண்ணலைங்க. நான் பண்ணேன்."

யாருக்கும் புரியவில்லை. நடந்து மேடைக்குப் போனேன். "அந்த மூஞ்சியும் நான் போட்டதுங்க. கொண்டையும் நான் போட்டதுதான். மொதல்ல கைதட்டுனீங்களே, அது எனக்கு. இப்பச் சிரிச்சீங்களே, அதும் எனக்குத்தான். ஜூன்ல என்னை வெளிய அனுப்பிட்டு இந்தக் கையை மட்டும் வெச்சுக்கலாம்னு இருக்கறாங்க. அதுக்குத்தானுங்க கொண்டை."

"டீச்சரம்மா, புத்தி பெரண்டு போச்சுங்களா?" என்றார் ஐயா. "அவங்களா இதைப் போட்டாங்க? நம்பற மாதிரியா இருக்குது? இறக்கிக் கூட்டிட்டுப் போங்க."

வேலிக்கு இந்தப் பக்கம் போர்டில் இடம் மிச்சமிருந்தது. ஒரு மார்க்கரை எடுத்தேன். வேகமாக அதே புருவம், அதே உதடு, அதே கொண்டை. கொண்டையின் முதல் முனையை முடித்தபோது ஓர் அழுத்து அழுத்தினேன்.

கீழே, தரையில் உட்கார்ந்திருந்த மூன்றாம் வகுப்பிலிருந்து ஒரு குரல் மட்டும் வந்தது. "டொக்." அது மிருதுளா.

அடுத்த முனைக்கு வகுப்பே சொன்னது. அதற்கடுத்ததற்கு நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும், என்னிடம் எப்போதோ படித்துப் பெரிய வகுப்புக்குப் போன தடிப் பயல்களும் சேர்ந்துகொண்டார்கள். பந்தலே 'டொக்' என்றது. இரண்டு படமும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஐயா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

மார்க்கரை மூடி, அவர் முன்னால் வைத்துவிட்டு இறங்கி வந்தேன்.

பிப்ரவரி 23, திங்கள்

வேலை போய்விட்டது. அம்சவேணி போனில் அழுதாள். நான் அழவில்லை. வீட்டில் அவர், "கொண்டைக்கு எத்தனை முனை போட்ட?" என்று கேட்டார். ஐந்து என்றேன். "சரியாத்தான் போட்டிருக்கற" என்றுவிட்டுக் கடைக்குக் கிளம்பினார்.

பீரோவை எடுக்கப் பள்ளிக்குப் போனேன். டிராயிங் ரூமில் ஜெபசிங் மட்டும் இருந்தார். "உள்ள இருக்குறது எல்லாத்தையும் அழிச்சிரச் சொல்லிட்டாவ" என்றார்.

"நானே அழிக்கிறேன்."

பட்டனைக் காட்டினார். மாம்பழம், முகம், கொண்டை எல்லாவற்றையும் அழித்தேன். யானையில் கொஞ்சம் தயங்கினேன். பிறகு அதையும் அழித்தேன். என் கையை நான் எடுத்துக்கொண்டேன்.

கடைசியாக அந்தக் கார் கதவு மட்டும் மிச்சம். அவர் வழக்கம்போல அதை ஓடவிட்டார். ஆனால் இன்று தள்ளி நிற்கவில்லை. மிஷினுக்குப் பக்கத்தில் போய் நின்று, வெறும் கையைத் தூக்கி, அதோடு சேர்ந்தே இறக்கினார். ஒரு நூல் முன்னே பின்னே இல்லை. முடிவில் இரண்டு மணிக்கட்டும் ஒன்றாகச் சுண்டின.

மிஷினோடு பழகி அவருக்குத் தொற்றிக்கொண்டது என்று எழுதிவைத்திருக்கிறேன். என்னைப்போல மடச்சி யாரும் கிடையாது.

"இடது பக்கக் கதவு டீச்சர்" என்றார். "என் கைய எடுத்துட்டு வெளிய போவச் சொன்னாவ. இதத் தொடச்சிக்கிட்டாவது கூட இருக்கேன்னு கேட்டு வாங்கிட்டேன். இது போற எடமெல்லாம் நானும் போறேன். நீங்க எந்திரிச்சு நின்னிய. நான் நிக்கல."

பட்டனைக் காட்டினேன். அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "நாளைக்கி" என்றார்.

மார்ச் 14, சனி

சனிக்கிழமைகளில் பிள்ளைகள் வீட்டுக்கு வருகிறார்கள். தார்ப்பாய்க் கடையிலிருந்து நீளமாக ஒரு துணி கொண்டுவந்து அவரே கூடத்தில் விரித்துக்கொடுத்தார். இன்று மிருதுளா யானை வாலை வாசல்படியிலேயே தொடங்கிவிட்டாள்.

நவநீதன் போன் செய்தார். நான் பீரோ எடுக்கப் போன மறுநாளே ஜெபசிங் அந்தக் கதவையும் அழித்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டாராம். மிஷினுக்குள் இப்போது ஒன்றுமே இல்லையாம். புதிய வருட அட்மிஷனுக்குப் பெற்றோர் வந்து வந்து பார்க்கிறார்களாம். "சும்மா நிக்குதுங் டீச்சர். ஐயாவே கூப்பிடச் சொன்னாருங். ஒரே ஒரு யானை மட்டும் புடிச்சுக் குடுத்துருங்க."

மாவு ஆட்டிக்கொண்டிருந்தேன். கை வேலையாக இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

போன் மறுபடியும் அடிக்கிறது. அடிக்கட்டும். யானையின் தும்பிக்கை அடுப்படிக்குள் வந்துவிட்டது. முதலில் நான் கிரைண்டரை நகர்த்த வேண்டும்.